ராஸ்பெர்ரி பை: முதலில் ஓட வையுங்கள், பிறகு பெட்டி செய்யுங்கள்

ராஸ்பெர்ரி பை என்பது ஒரே சுற்றுப் பலகையில் (போர்டில்) அடங்கிய சிறு கணினி. புதிதாக அதை வாங்குகிறவர்கள் முதல் நாளே அதைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடத் துடிப்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஒரு வாரம் போர்டை மேஜையில் திறந்தபடியே ஓட்டிப் பாருங்கள். எந்த வயர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு சூடாகிறது, மெமரி கார்டை எத்தனை தடவை கழற்ற வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். போர்டின் நீள அகலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டில் செய்த பெட்டிகள் பெரும்பாலும் தோற்பது செருகும் பிளக்கின் பருமனையும் உள்ளே தேங்கும் சூட்டையும் கணக்கில் எடுக்காததால்.

2012 பிப்ரவரி 29 அன்று முதல் போர்டு விற்பனைக்கு வந்தபோது அதற்கென்று பெட்டியே கிடையாது. அதிகாரப்பூர்வ பெட்டி 2015-இல்தான் வந்தது. அட்டையை மடித்தும் மரத்தைக் குடைந்தும் பெட்டி செய்யும் பழக்கம் அந்த இடைவெளியில் வளர்ந்தது. இன்று கடைப் பெட்டிகள் ஏராளமாக இருந்தாலும், காமிராவோ ரிலேயோ (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சேர்த்து ஓட்டுகிறவர்களுக்குக் கையால் செய்ததுதான் சரியாகப் பொருந்துகிறது.

எந்த போர்டு

கணினியாகப் பயன்படுத்த, அதாவது திரை, கீபோர்டு வைத்து உலாவி திறந்து வேலை செய்ய, பை 4 அல்லது பை 5 வாங்குங்கள். நினைவகம் 4 ஜிபியாவது இருக்கட்டும். சென்சார் படிப்பது, சின்ன சர்வர் ஓட்டுவது போன்ற திரையில்லாத வேலைகளுக்கு ஜீரோ 2 டபிள்யூ போதும். அதில் நினைவகம் 512 எம்பிதான், வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான். பை பிக்கோ என்ற பெயரில் இன்னொன்று உண்டு. அது மைக்ரோகன்ட்ரோலர், அதாவது சின்னக் கட்டுப்பாட்டு வேலைகளுக்கான சிப்; அதில் லினக்ஸ் இயங்குதளம் ஓடாது. பெயரில் 'பை' இருக்கிறதே என்று அதை வாங்கி ஏமாறாதீர்கள்.

இந்தக் கட்டுரையின் அளவுகள் பை 4-க்கு உரியவை. போர்டின் வெளி அளவும் திருகுத் துளைகளின் இடமும் 2014-இல் வந்த பி பிளஸ் முதல் பை 5 வரை இந்த வரிசையில் ஒன்றுதான். ஆனால் போர்ட்கள் இடம் மாறியிருக்கின்றன. பை 3-இல் ஈதர்நெட் ஒரு மூலையில் இருந்தது; பை 4-இல் அது எதிர் மூலைக்குப் போனது. பை 5-இல் மறுபடி பழைய பக்கத்துக்கே திரும்பியது, 3.5 மி.மீ. ஆடியோ ஜாக் காணாமல் போனது. ஆகவே பெட்டியின் வரைபடத்தை எங்கிருந்து எடுத்தாலும் அது எந்த மாடலுக்கானது என்று முதலில் பாருங்கள்.

மின்சாரம்

தொடக்கக்காரர்கள் சந்திக்கும் கோளாறுகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது. வைஃபை விட்டுவிட்டு வரும், யூஎஸ்பி டிஸ்க் திடீரென மறையும், கார்டில் கோப்புகள் கெடும். மென்பொருளைத்தான் எல்லோரும் சந்தேகிப்பார்கள். காரணம் சார்ஜரிலும் வயரிலும் இருக்கும்.

பை 4-க்கு 5.1 வோல்ட், 3 ஆம்ப் வேண்டும். போர்டுக்குள் வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் போர்டு அதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும்: சிவப்பு விளக்கு அணைந்து எரியும், திரையில் மின்னழுத்தம் குறைவு என்ற செய்தி வரும். ஜீரோ வகைகளில் இந்தக் கண்டறியும் சுற்று இல்லை. அங்கே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும்.

சார்ஜர் நன்றாக இருந்தும் வயர் கெடுப்பது எப்படி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மலிவான வயர்களில் உள்ளே இருக்கும் செம்பு 28 கேஜ் தடிமன்தான். ஒரு மீட்டருக்கு அதன் மின்தடை சுமார் 0.21 ஓம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமென்பதால் ஒரு மீட்டர் கேபிளுக்கு 0.42 ஓம். 2 ஆம்ப் ஓடும்போது வயரிலேயே 0.84 வோல்ட் போய்விடும். 5.1-இல் கிளம்பியது போர்டை அடையும்போது 4.26. அதே நீளத்துக்கு 20 கேஜ் வயர் (கேஜ் எண் குறைந்தால் தடிமன் கூடும்) என்றால் இழப்பு 0.13 வோல்ட்தான். வயர் குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கட்டும். சார்ஜரோடு பிரிக்க முடியாதபடி வயர் இணைந்த அடாப்டர் இன்னும் நல்லது.

பை 5-க்கு 5 வோல்ட், 5 ஆம்ப். லேப்டாப்பின் 65 வாட் சார்ஜர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அந்தச் சார்ஜர்கள் 65 வாட்டைத் தருவது 20 வோல்ட்டில். 5 வோல்ட்டில் அவை வழக்கமாகத் தருவது 3 ஆம்ப்தான். அதிலும் பை 5 ஓடும், ஆனால் யூஎஸ்பி போர்ட்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லிஆம்ப்தான் கொடுக்கும். 5 ஆம்ப் அடாப்டர் என்றால் 1.6 ஆம்ப் வரை கொடுக்கும். வெளி டிஸ்க் மாட்டப்போகிறீர்கள் என்றால் இந்த வித்தியாசம் பெரியது.

கார்டு எழுதுவதும் முதல் இயக்கமும்

32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு தாராளம். அதன் மேல் ஏ1 அல்லது ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கும் வேகத்தைக் குறிப்பது அது. இயங்குதளத்துக்குத் தேவைப்படுவதும் அந்த வேகம்தான்.

இன்னொரு கணினியில் ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற மென்பொருளை நிறுவுங்கள். போர்டின் மாடல், இயங்குதளம், கார்டு மூன்றையும் தேர்ந்தெடுங்கள். கார்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானம் தேவை. தேர்ந்தெடுத்த டிஸ்க் முழுவதும் அழியும், எனவே கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். எழுதுவதற்கு முன் அமைப்புகளில் கணினியின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை விவரம், நாடு, நேர மண்டலம் எல்லாவற்றையும் நிரப்பிவிடுங்கள். நாட்டைக் குறிப்பிடாவிட்டால் வைஃபை முடங்கியே கிடக்கும். திரை இல்லாமல் ஓட்டப்போகிறீர்கள் என்றால் எஸ்எஸ்எச் (இன்னொரு கணினியிலிருந்து நுழையும் வசதி) என்பதையும் இங்கேயே இயக்கிவிடுங்கள். பழைய வழிகாட்டிகளில் வரும் 'பை' என்ற இயல்புப் பயனர் 2022-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் வைத்து முயல்வது வீண்.

எழுதி முடித்ததும் விண்டோஸ், "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்று மூடிவிடுங்கள். லினக்ஸ் பகுதி அதற்குப் புரியாததால் கேட்கிறது. சரி என்று அழுத்தினால் செய்த வேலை போச்சு.

இப்போது போர்டு. மரம், தடித்த அட்டை போன்ற மின்சாரம் கடத்தாத பரப்பில் வையுங்கள். போர்டு வந்த பளபளப்பான ஆன்டிஸ்டேடிக் உறையின் மேல் வைத்து ஓட்டவே கூடாது. அதன் வெளிப்பரப்பு மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்தும். கார்டு, திரை, கீபோர்டு எல்லாம் மாட்டியபின் கடைசியாக மின்சாரம் கொடுங்கள். பை 4-இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ உண்டு. பவர் சாக்கெட்டுக்கு அடுத்திருப்பதில் திரையை மாட்டுங்கள்.

முதல் தடவை கார்டு முழுவதற்கும் பகுதியை விரித்து ஒரு தடவை தானே மறுதொடக்கம் ஆகும். ஓரிரு நிமிடம் ஆகலாம், பதறி வயரைப் பிடுங்காதீர்கள். பச்சை விளக்கு கார்டின் இயக்கத்தைக் காட்டும். சிவப்பு மட்டும் எரிந்து பச்சை ஒருமுறைகூடச் சிமிட்டாவிட்டால் கார்டு படிக்கப்படவில்லை என்று கொள்ளலாம். பச்சை நான்கு முறை சிமிட்டி நின்று மீண்டும் நான்கு முறை சிமிட்டினால் தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை. ஏழு என்றால் கெர்னல் (இயங்குதளத்தின் மையக் கோப்பு) கிடைக்கவில்லை. இரண்டுக்கும் மருந்து கார்டை மறுபடி எழுதுவதுதான்.

நிறுத்தும்போது மெனுவில் ஷட்டவுன் கொடுத்து, பச்சை விளக்கு ஓய்ந்த பிறகு மின்சாரத்தை எடுங்கள். ஓடும்போதே பிடுங்குகிற பழக்கம் கார்டைக் கெடுக்கும்.

அளவுகள்

பெட்டிக்கு வருவோம். போர்டு 85 × 56 மி.மீ. திருகுத் துளைகள் நான்கு, ஒவ்வொன்றும் 2.7 மி.மீ. விட்டம். அதில் எம் 2.5 திருகுதான் போகும். எம் 3 திருகுக்காகத் துளையைப் பெரிதாக்குவது போர்டைக் கொல்லும் வழி, ஏனென்றால் அருகிலேயே செம்புத் தடங்கள் ஓடுகின்றன.

கார்டு இருக்கும் குறுகிய விளிம்பை இடப்பக்கமாகவும், பவர் சாக்கெட் உள்ள நீள விளிம்பை உங்களை நோக்கியும் வையுங்கள். துளைகளின் மையங்கள் இட விளிம்பிலிருந்து 3.5 மற்றும் 61.5 மி.மீ.; உங்கள் பக்க விளிம்பிலிருந்து 3.5 மற்றும் 52.5 மி.மீ. வலப்பக்கம் 23.5 மி.மீ. காலியாக இருப்பதைக் கவனியுங்கள். துளைகள் போர்டின் நடுவில் சமமாக அமைந்திருக்கும் என்று நினைத்துப் பெட்டியில் துளை போட்டவர்களின் யூஎஸ்பி போர்ட்கள் சுவரில் முட்டி நிற்கும்.

உங்களை நோக்கிய விளிம்பில், இடமிருந்து அளந்தால் பவர் சாக்கெட்டின் மையம் 11.2 மி.மீ., முதல் எச்டிஎம்ஐ 26, இரண்டாவது 39.5, ஆடியோ 54. வலப்பக்க விளிம்பில், உங்கள் மூலையிலிருந்து அளந்தால் யூஎஸ்பி அடுக்குகள் 9 மற்றும் 27, ஈதர்நெட் 45.75. போர்டின் மேல்பரப்பிலிருந்து உயரம்: யூஎஸ்பி அடுக்கு சுமார் 16 மி.மீ., ஈதர்நெட் 13.5, ஆடியோ 6, பவர் சாக்கெட் 3-க்குச் சற்று மேல்.

இனி பிளக்குகள். பவர் சாக்கெட் 9 மி.மீ. அகலம்தானே என்று அந்த அளவுக்கே துளை போட்டால், பிளக்கின் பிளாஸ்டிக் உடல் சுவரில் மோதி, முனை முழுதாக உள்ளே போகாது. பாதி செருகிய பவர் பிளக் சூடாகும், மின்னழுத்தமும் விழும். யூஎஸ்பி சி பிளக்கின் பிளாஸ்டிக் உடல் 12.35 × 6.5 மி.மீ. வரை இருக்கலாம், துளை 13.5 × 7.5 என்று வையுங்கள். சாக்கெட்டின் மையம் போர்டின் மேல்பரப்பிலிருந்து 1.6 மி.மீ. உயரத்தில் இருப்பதால் துளையின் கீழ் விளிம்பு போர்டின் அடிப்பரப்புக்கும் கீழே இறங்கும். இதனாலேயே போர்டு பெட்டியின் தரையிலிருந்து 5 மி.மீ. உயரத்திலாவது நிற்க வேண்டும். மைக்ரோ எச்டிஎம்ஐ பிளக்குகளின் உடலுக்கு ஒரே அளவு கிடையாது, உங்களிடம் இருப்பதைக் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். இரண்டு மையங்களுக்கும் இடையே 13.5 மி.மீ.தான், பருமனான இரண்டு பிளக்குகள் அங்கே ஒன்றையொன்று தள்ளும்.

மொத்த உயரம்: கீழே 5, போர்டு சுமார் 1.5, யூஎஸ்பி 16, மேலே இடைவெளி 2 அல்லது 3. உள்ளுயரம் 25 மி.மீ. என்று கொள்ளலாம். போர்டின் மேல் இருக்கும் 40 உலோகப் பின்களின் வரிசையில் துணை போர்டு மாட்டுவதாக இருந்தாலும், விசிறி வைப்பதாக இருந்தாலும் 40-க்குப் போங்கள்.

அட்டைப் பெட்டி

முதல் பெட்டியை அட்டையில் செய்யச் சொல்வது சிக்கனத்துக்காக அல்ல. அளவுப் பிழைகள் எல்லாம் அட்டையிலேயே வெளிப்பட்டுவிடும். பிறகு அதையே அச்சாக வைத்து எந்தப் பொருளிலும் செய்யலாம். தீப்பிடிக்குமோ என்ற பயம் வேண்டாம்: காகிதம் பற்ற 200 டிகிரிக்கு மேல் வேண்டும், போர்டின் ப்ராசஸர் சிப் 80-லிருந்து 85 டிகிரியிலேயே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பால், பழச்சாறு வரும் அட்டையை மட்டும் தவிருங்கள். அதன் உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஈயப் பற்றுகளை அது ஷார்ட் செய்துவிடும்.

தேவையானவை: 1.5 முதல் 2 மி.மீ. தடிமனுள்ள கெட்டி அட்டை ஒன்று, கிராஃப் தாள், புது பிளேடு போட்ட கட்டர், இரும்பு ஸ்கேல், வெள்ளைப் பசை, எம் 2.5 அளவில் 5 மி.மீ. ஸ்பேசர் (போர்டைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கால்) நான்கு, திருகுகள் எட்டு.

கிராஃப் தாளில் 87 × 58 மி.மீ. தரையை வரையுங்கள். போர்டைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. இடைவெளி இதில் அடக்கம். நான்கு சுவர்களையும் மடிப்பாக அதையொட்டியே வரைந்து, மேலே சொன்ன மையங்களைக் குறியுங்கள். எல்லா அளவோடும் அந்த 1 மி.மீ.-ஐக் கூட்ட மறக்காதீர்கள். தாளை அட்டையில் ஒட்டி, துளைகளைத் தட்டையாக இருக்கும்போதே வெட்டுங்கள். மடித்த பிறகு வெட்டினால் மூலை கிழியும். மடிப்புக் கோட்டில் அட்டையின் பாதி ஆழத்துக்குக் கீறி, கீறலுக்கு எதிர்ப்புறமாக மடியுங்கள். ஆழமாகக் கீறினால் மடிப்பு பிரிந்து வந்துவிடும்.

அடுத்தது பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். யூஎஸ்பியும் ஈதர்நெட்டும் போர்டின் விளிம்பைத் தாண்டி 2, 3 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு சுவர்களும் மூடிய பெட்டியில் போர்டை நேராக மேலிருந்து இறக்க முடியாது. வலப்பக்கத் துளைகளை மேல் விளிம்பு வரை திறந்த வெட்டுகளாக விடுங்கள்; மூடியிலிருந்து இறங்கும் பட்டை அந்த இடத்தை மூடும். பவர் பக்கத்துக்கும் அப்படியே. இல்லாவிட்டால் அந்தச் சுவரைத் தனித் துண்டாக வைத்துக் கடைசியில் ஒட்டலாம்.

கார்டுக்கு இட விளிம்பின் நடுவில் 16 மி.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளம் வேண்டும், விரல் போகிற அளவுக்கு. கார்டு போர்டின் விளிம்பைத் தாண்டிச் சற்று நீட்டியிருக்கும். பெட்டியில் போடும்போதும் வெளியே எடுக்கும்போதும் முதலில் கார்டை உருவுங்கள். கார்டோடு சேர்த்து இழுத்தால் அது சுவரில் சிக்கி இரண்டாக முறியும். எந்தப் பெட்டிக்கும் இது பொருந்தும்.

திருகுகளை விரல் முனையில் இறுகும் அளவோடு நிறுத்துங்கள். இறுக்கி முறுக்கினால் போர்டு வளையும், பற்றுகளில் விரிசல் விழும்.

மற்றப் பொருட்கள்

மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா எளிது. சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேல் குறியுங்கள். கோட்டுக்கு உட்புறமாகச் சின்னத் துளைகளை வரிசையாகப் போட்டு, இடையே வெட்டி, மீதியை அரத்தால் ராவுங்கள். உணவு டப்பாக்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். அதில் எந்தப் பசையும் நிற்காது, திருகையே நம்புங்கள். போர்டை இரட்டைப் பக்க ஸ்பாஞ்ச் டேப்பால் ஒட்டுவதும் வேண்டாம்; அடிப்பக்கச் சூட்டை அது அடைத்துவிடும், பிரிக்கும்போது சின்ன உதிரிகளைப் பிய்த்துக்கொண்டு வரும்.

அக்ரிலிக் 3 மி.மீ. தகடு அழகாக வரும். மேலே ஒட்டிய காகிதத்தை வேலை முடியும்வரை உரிக்காதீர்கள். அடியில் மரக்கட்டை கொடுத்து, மெதுவான வேகத்தில், அழுத்தாமல் ட்ரில் செய்யுங்கள். விளிம்புக்கு மிக அருகே துளையிட்டால் விரியும். சூப்பர் க்ளூவின் ஆவி அக்ரிலிக்கில் வெள்ளைப் படலம் போடும், அதற்குரிய கரைப்பான் பசையைப் பயன்படுத்துங்கள். லேசரில் வெட்டக் கொடுத்தால் கதிர் 0.1 முதல் 0.2 மி.மீ. தின்னும் என்பதை வரைபடத்தில் கணக்கிடுங்கள். அக்ரிலிக் என்று நினைத்து பிவிசி தகட்டைக் கொடுத்துவிடக் கூடாது. லேசரில் அது குளோரின் கலந்த நச்சுப் புகையை விடும்.

3டி அச்சில் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி அருகிலேயே இளகத் தொடங்கும். சாதாரண அறையில் பரவாயில்லை. வெயில் படும் இடம், காரின் உள்ளே என்றால் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கை எடுங்கள். சுவர் 2 மி.மீ., போர்டைச் சுற்றி 0.5 மி.மீ. இடைவெளி. திருகு நேரடியாகப் பிளாஸ்டிக்கில் இறங்குவதாக இருந்தால் துளை 2.1 மி.மீ. அடிக்கடி திறக்கிற பெட்டிக்குப் பித்தளை இன்செர்ட்டை (உள்ளே மரை வெட்டிய குழல்) சூடாக்கிப் பதியுங்கள், இல்லாவிட்டால் நான்கைந்து தடவையில் மரை தேய்ந்துவிடும்.

மரத்தில் செய்தால் வார்னிஷ் முற்றிலும் காய்ந்தபின் போர்டை வையுங்கள். உலோகப் பெட்டி சூட்டுக்கு நல்லது, வைஃபைக்குப் பகை. பை 4-இன் ஆன்டெனா, கார்டு பக்க விளிம்பில், 40 பின் வரிசையின் முதல் பின் இருக்கும் மூலையில் இருக்கிறது. அந்த மூலைக்கு மேலும் பக்கத்திலும் உலோகத்தை வெட்டி பிளாஸ்டிக் சன்னல் வையுங்கள். அல்லது ஈதர்நெட் கேபிளோடு இருந்துவிடுங்கள்.

சூடும் விசிறியும்

காற்றுத் துளை கீழேயும் வேண்டும், மேலேயும் வேண்டும். மேலே மட்டும் போட்டால் சூடான காற்று வெளியேற உள்ளே வரும் காற்றுக்கு வழியில்லை. அடியில் 4 மி.மீ. துளைகள் பத்துப் பன்னிரண்டு, பெட்டிக்கு 5 மி.மீ. கால்கள், மூடியில் சிப்புக்கு நேர் மேலே அதே அளவு திறப்பு. பெட்டியை நிமிர்த்தி வைத்தால் காற்று புகைபோக்கியில் போவதுபோல் தானே மேலேறும்.

சிப்பின் மேல் 14 × 14 மி.மீ. ஹீட்சிங்க் (சூட்டை வெளியே கடத்தும் உலோகத் துண்டு) ஒட்டினால் பை 4-க்குச் சாதாரண வேலைக்குப் போதும். பை 5-ஐத் தொடர்ந்து வேலை வாங்குவதானால் விசிறி அவசியம். அதற்கென நான்கு பின் சாக்கெட் போர்டிலேயே இருக்கிறது. பை 4-இல் 5 வோல்ட் விசிறியின் சிவப்பு வயர் 4-ஆம் பின்னுக்கு, கறுப்பு 6-ஆம் பின்னுக்கு. இரண்டு வயர் விசிறியை நேராக ஜிபிஐஓ பின்னில் (நிரலால் இயக்கக்கூடிய சிக்னல் பின்) மாட்டி நிரலால் கட்டுப்படுத்த நினைக்காதீர்கள். அந்தப் பின் தாங்குவது 16 மில்லிஆம்ப் அளவுதான், விசிறிக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். நடுவே ஒரு டிரான்சிஸ்டரும் டையோடும் தேவை. கட்டுப்பாட்டு வயரோடு மூன்று வயராக வரும் விசிறி என்றால் அமைப்பு மெனுவிலேயே இயக்க வெப்பநிலையைக் குறிக்கலாம்.

பெட்டியில் பட்டன் வேண்டுமா? பை 4-இல் 5, 6 ஆகிய பின்களுக்கு இடையே ஒரு சாதாரண அழுத்து பட்டன் போதும். ஷட்டவுன் ஆன போர்டை அது எழுப்பும். கான்ஃபிக் கோப்பில் (தொடக்க அமைப்புகள் உள்ள கோப்பு) ஜிபிஐஓ ஷட்டவுன் ஓவர்லே என்ற அமைப்பைச் சேர்த்தால் அதே பட்டன் நிறுத்தவும் செய்யும். ஐ2சி (இரண்டு வயரில் தகவல் அனுப்பும் முறை) சென்சார் மாட்டுகிறவர்களுக்கு 5-ஆம் பின் வேறு வேலைக்கு வேண்டியிருக்கும் என்பதால் இது ஒத்துவராது.

மூடியபின் சோதனை

மேல் பட்டையில் வெப்பநிலை காட்டியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு கோர்களுக்கும் முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ் நிரலை மூடியைத் திறந்து 30 நிமிடம், மூடி 30 நிமிடம் ஓட்டுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 10 டிகிரிக்கு மேல் போனால் துளைகள் போதவில்லை. அறையின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: அறை 25 டிகிரியாக இருக்கும்போது சிப் 72 காட்டினால், அறை 35 ஆகும் நாளில் அது 82-ஐத் தொடும், வேகம் குறையத் தொடங்கும்.

அடுத்து வைஃபை. பெட்டியில்லாமல் ஒரு பெரிய கோப்பை நகலெடுத்த நேரத்தையும், மூடிய பெட்டியில் அதே இடத்திலிருந்து நகலெடுத்த நேரத்தையும் ஒப்பிடுங்கள். யூஎஸ்பி 3 டிஸ்க் மாட்டியிருந்தால் அதையும் கழற்றி ஒருமுறை பாருங்கள். அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கக்கூடியது. அப்படியானால் பெட்டியில் குற்றமில்லை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அல்லது டிஸ்க்கை நீள வயரில் தள்ளி வையுங்கள்.